தபால்தலை அளவு

கம்ப்யூட்டர்காரனுக்குப் பிடரி கடுத்தது. காலையிலிருந்து ஒரே நாற்காலி. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முதலாளி கதவை மறித்துக்கொண்டு, முடித்துவிட்டுப் போ என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெயிண்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன வாரம் சாரத்திலிருந்து விழுந்து செத்தானே, அவன் மனைவி. பாதுகாப்பு பெல்ட்டைத் தானே கழற்றிவிட்டு விழுந்தான், கம்பெனிமேல் குற்றமில்லை என்று எழுதிய தாள் அவள் முன்னால் கிடந்தது. துணி காயப்போடும் கொடியைக்கூட இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுகிற மனுஷன் அவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

விழுந்த அன்று காலை, பெல்ட்டோடு அவனை எடுத்த படங்கள் இருந்தனவாம். குமாஸ்தா கைதவறி மெமரி கார்டை அழித்துவிட்டாராம். அவள் கண்ணெதிரே மீட்டுக் காட்டினால் நம்பித்தானே ஆக வேண்டும் என்று முதலாளி கம்ப்யூட்டர்காரனைப் பிடித்து உட்காரவைத்திருந்தார். மாட்டேன் என்றால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவன்.

அழித்த கார்டில் படத்தின் பெயர்தான் போயிருக்கும். சரக்கு உள்ளேயே கிடக்கும். அந்தக் கேமரா எடுக்கும் எந்தப் படமும் ஒரே மாதிரியான மூன்று பைட்டில்தான் தொடங்கும். அந்த மூன்றும் தென்படும் இடத்திலெல்லாம் ஒரு படத்தை எடு என்று சி மொழியில் புரோகிராம் எழுதினான். கார்டு சம அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். அசதியில் பைட் பைட்டாகத் துழாவவிட்டுவிட்டான்.

படங்கள் வந்தன. திரையை அவள் பக்கம் திருப்பினான். சாரத்தில் பெயிண்டர் நிற்கிறான், இடுப்பில் மஞ்சள் பெல்ட். அவள் முகம் செத்துப்போயிற்று. இப்படிப் பண்ணிவிட்டாரே என்று முனகியபடி பேனாவை எடுத்தாள்.

"பக்கத்துல என்ன தம்பி அது, பொடிசா?"

"ஒண்ணுமில்லக்கா, நான் எழுதுனதுல கோளாறு. படம் எடுக்கும்போதே கேமரா அதுக்குள்ள தபால்தலை அளவுல ஒரு நகல் வச்சிடும். அதையும் சேர்த்து அள்ளிட்டு வந்துடுச்சு. பெரிய படத்துல அப்புறம் யாராவது கை வச்சு மாத்தினாலும், சின்னது பெரும்பாலும் அப்படியே..."

முதலாளியின் கை அவன் தோளில் வந்து உட்கார்ந்து அமுக்கியது. வேலை முடிந்தது, மூடு என்றார்.

மூடினால் அவன் வேலை போகாது. அதற்குள் அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவனுக்கு மறுபக்கம் நின்றுவிட்டாள். நகர இடமில்லை.

சின்னப் படத்தைப் பெரிதாக்கினான்.

செங்கல் செங்கலாக உடைந்து தெரிந்தது. ஆனாலும் ஆள் தெரிந்தான், நீலச் சட்டை தெரிந்தது. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பேனாவை மூடித் தாள்மேல் வைத்தாள்.

"இதுல வெறும் இடுப்புதான் இருக்கு. என் வீட்டுக்காரருக்கு நீங்க ஒரு பெல்ட் பாக்கி வச்சிருக்கீங்க, முதலாளி."