வெறும் மண்ணுக்குத் தண்ணீர்

அவர் மறுபடியும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

ஒன்றும் தட்டுப்படவில்லை.

காலையிலும் இப்படித்தான். மத்தியானம் செருப்புகூடப் போடாமல் வெயிலில் வந்து நின்றதும் இதற்குத்தான்.

சித்திரை பிறந்துவிட்டது. மல்லிகைக் கொடி கொள்ளாமல் அரும்பு. வேலியோரத்துக் கொன்றை மஞ்சளாகக் கொட்டுகிறது. நந்தியாவட்டை பறிக்க ஆளில்லாமல் தரையில் கிடக்கிறது.

இந்த ஒரு தொட்டி மட்டும் வெறும் மண்.

மே மாதப் பூ. வருடத்துக்கு ஒரு தடவை, கோடையில், இலைக்கும் முன்னால், பந்து மாதிரி சிவப்பாக எழும்பும். அதுவரை கிழங்கு உள்ளே தூங்கும்.

மாசியில் அவர்தான் வாயைக் கொடுத்தார்.

"வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துற ஒரே பொம்பள ஊர்லயே நீதான். கூறு கெட்டவ."

அவர் மனைவி குவளையைக் கீழே வைத்தாள்.

"சரி. அது பூக்கட்டும். அப்ப வாரேன்."

தென்காசியை விட்டு ராஜபாளையத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான். போன் செய்தால் ஒன்றைத்தான் கேட்பாள்.

"பூத்துட்டா?"

"இன்னும் இல்ல."

"சரி."

வைத்துவிடுவாள்.

இப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

அடுத்த வீட்டு உலகம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா அது பயந்து இன்னும் உள்ள போயிரும்."

அவளுக்குப் பின்னால், அவள் தொட்டியில், சிவப்புப் பந்து ஒன்று தளதளவென்று நின்றது.

அவருக்குக் கேட்கக் கூச்சம். நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார்.

கேட்டுவிட்டார்.

தொட்டியை அவரே தூக்கி வந்தார். வழியெல்லாம் இறக்கி இறக்கி வைத்தார். தன் தொட்டியைத் துளசி மாடத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்துப் படம் எடுத்தார்.

அனுப்பினார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல் படியை எட்டுவதற்குள் போன் அடித்தது.

"அது உலகம்மா வீட்டுத் தொட்டிதான?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"இடுப்பு வலிய வச்சுக்கிட்டு அத எதுக்குத் தூக்குனீங்க?"

இந்தத் தடவை அவள் போனை வைக்கவில்லை.

அவள் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். யாரோ ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"தென்காசி, தென்காசி! ஏறு, ஏறு!"