முனீபின் மீன் பர்கர்

துறைமுக வீதித் தபாற்கந்தோரில் பணியாற்றும் புஷ்பவதி, எதையும் மென்று விழுங்கிய பின்னரே கருத்துரைக்கும் வழக்கமுடையவர். மாற்றலாகிப் போய் ஈராண்டின் பின் திரும்பிவந்தவர், முன்பு வாரந்தோறும் உண்ட முனீபின் பர்கர் கடையில் இன்று மீண்டும் அமர்ந்திருக்கிறார். கடற்குடாவிலிருந்து சரியும் மாலை வெயில் இரும்புக்கல்லின் ஆவியைப் பொன்னாக்குகிறது. முனீபின் கைகள் பர்கர் ரொட்டியான பணிசை வெண்ணெயில் வாட்டுகின்றன. கொத்திய பாரை மீனைத் தட்டி வட்டமாக்குகின்றன. அவ்வட்டத்தின் விளிம்பு எங்கும் பிசகவில்லை. அந்த நேர்த்தியிலிருந்து புஷ்பவதியால் கண்ணெடுக்க இயலவில்லை. ஆனால் பர்கர் மேசைக்கு வந்ததும், முதற்கடியிலேயே உப்பு நாவைச் சுடுகிறது. சுற்றிலும் எல்லோரும் ஓசையின்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அயல்மேசை அலியார் குனிந்து, “சொல்லிப்போடாதீங்க. காய்ச்சலோட அவருக்கு நாக்குச் செத்துப்போச்சு. தெரிஞ்சா மனிசன் கடையைப் பூட்டிருவார்” என்கிறார்.

முனீப் கையைத் துடைத்தபடி வருகிறார். “எப்படித் தங்கச்சி, பழைய ருசி இருக்கா?”

அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றே அழைக்கும் புஷ்பவதி விழுங்குகிறார். “கை அதே கைதான் நானா. உப்புத்தான் கூடிப்போச்சு.”

முனீப் மேசைகளிலுள்ள காலியான தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

“எத்தினை மாசமா, அலியார்?”

“நாலு. தண்ணி ஓசிதானே, நானா.”

முனீப் சிரிக்க முயன்று, இயலாமல், கதிரையில் அமர்கிறார். அடுப்பை அணைக்கும்படி அலியாருக்குக் கைகாட்டுகிறார்.

“அணைக்க வேணாம்” என்கிறார் புஷ்பவதி. “நாளையில இருந்து கந்தோர் முடிஞ்சதும் வாறன். நீங்கள் மீன் பிசையுங்கோ; உப்பை நான் பாக்கிறன்.”