வளைவில் சிரித்தவள்

பழைய கார் விற்கும் கடை ஒன்றில் சிவப்பு ஒன்றும் சாம்பல் ஒன்றுமாக இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மழைக்காலம் முழுக்க யாரும் அவற்றைக் கேட்டு வரவில்லை. ஒருநாள் காலையில் சுகிர்தா என்ற பெண் வந்தாள். கடைக்காரர் ஜெபராஜ், "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்" என்று சாவிகளைக் கொடுத்தார்.

"குண்டு குழி எதுவுமே தெரியாம அவளைக் கூட்டிட்டுப் போவேன்" என்றது சிவப்பு.

"எனக்கு மறைக்கத் தெரியாது. ரோட்டுல இருக்கிறதை அப்படியே அவ கைக்குச் சொல்லிடுவேன்" என்றது சாம்பல்.

சிவப்பில் அவள் வேகமாகப் போனாள். ஆனால் வேகமே தெரியவில்லை. போனபடியே அமைதியாகத் திரும்பி வந்தாள்.

அடுத்து சாம்பலை எடுத்தாள். ஏரிக்கரை வளைவில் மணல் கிடந்தது. ஸ்டீயரிங் அதிர்ந்து எச்சரித்தது. அவள் வேகத்தைக் குறைப்பதற்குள் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. சமாளித்து நேராக்கியவள், தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைக்குத் திரும்பி வந்து இறங்கினாள்.

"கார் ஓட்டுறதுன்னா இதுதாண்ணா!" என்றாள்.

"அப்ப இதையே முடிச்சிடலாமா மேடம்?"

சுகிர்தா சாம்பல் காரின் பானெட்டைத் தடவியபடி வெகுநேரம் நின்றாள்.

"வேண்டாம்ணா. தினமும் இவ்வளவு கவனமா இருக்க என்னால முடியாது. சிவப்பையே எடுத்துக்கிறேன்."

"பாத்தியா, என்னைத்தான் பிடிச்சிருக்கு!" என்று துள்ளியது சிவப்பு.

"பத்திரமா கூட்டிட்டுப் போ" என்றது சாம்பல்.

வாசலைத் தாண்டியதும் சுகிர்தா பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினாள். சாம்பல் கார் மறையும் வரை அதையே பார்த்தபடி மெதுவாக ஓட்டினாள். அவள் கண் எங்கே இருக்கிறது என்று சிவப்புக் காருக்குத் தெரிந்தது.