கம்பம் நட்ட ஊர்

"மதம்?" என்று லோகப்பிரியா டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கந்தப்பன் பதில் சொல்லிவிட்டார்.

"இந்துதானுங்க டீச்சர். ஊடு ஊடாப் போயி ஏனுங்க கேட்டுட்டு? நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் அதையே போட்டுட்டுப் போங்க."

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சருக்கு வீடு காட்ட வந்தவர் அவர். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் வேறு. வீட்டுக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வயதைக்கூட அவரே சொல்லிவிடுவார். டவுன் என்றால் தெருவுக்கு நாலு தடவையாவது பதில் மாறும். இங்கே காலையிலிருந்து செல்போனில் ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு, டீச்சரின் விரல் பாவம் அங்கேயே குடியிருந்தது.

ஜெனிஷா மோர் டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் மனசு மோரிலும் இல்லை, டீச்சரிடமும் இல்லை.

நாளை விடிந்தால் அவள் அப்பா தங்கராஜ் இறந்து ஒரு வருஷம். காரமடை சர்ச்சில் காலை ஆறு மணிக்கு நினைவுப் பூசை. வெள்ளகோவில் போய் பஸ் பிடித்து, இன்று ராத்திரியே அங்கே அம்மா வீட்டில் தங்கினால்தான் போய்ச் சேர முடியும்.

தங்குவதில்தான் வந்தது வினை.

ஊரில் கம்பம் நட்டாகிவிட்டது. மூன்று கவை உள்ள மரத்தை வெட்டி வந்து அம்மன் முன்னால் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும் நாள்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பெண்கள் தினமும் விடியலில் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கல்யாணமாகி வந்த பிறகு ஜெனிஷா பார்க்கும் முதல் கம்பம் இது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மாமியார் சின்னாத்தாள் குடத்தோடு கிளம்பியதைப் பார்த்ததும், ஆசை தாங்காமல் தானும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் ஊற்றிவிட்டாள். தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ராத்தங்கும் விஷயத்தை அப்போது யார் சொன்னார்கள்?

மறுநாள் கந்தப்பன்தான் சொன்னார். "தண்ணி ஊத்திப்போட்டீங்கல்ல அம்மணி, இனி நீங்களும் நம்மூர்தான். கம்பம் புடுங்கற வரைக்கும் எங்கயும் தங்கப்படாதுங்க."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தொல்லை. முறைத்துச் சொல்லியிருந்தால் மீறிவிட்டுப் போயிருக்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் கணவன் மதன்குமார், "அம்மாகிட்டயே கேட்டுக்க" என்று நழுவிவிட்டான். மாமியாரிடம் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை.

"உங்களுக்கு இந்து. பையனுக்கும் இந்து. மருமகளுக்கு?" என்று சின்னாத்தாளிடம் கேட்டார் டீச்சர்.

"அதேதானுங்க" என்றார் கந்தப்பன்.

"இல்லீங்க" என்றாள் சின்னாத்தாள். "அவ கிறிஸ்துவமுங்க."

எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். டீச்சரின் விரல் அன்றைக்கு முதல்முறையாக இடம் மாறியது.

ஜெனிஷாவுக்குச் சுருக்கென்றது. பொய்யொன்றும் இல்லை. தலையணைக்கு அடியில் ஜெபமாலை இருக்கிறது. தன்னிடம் கேட்டிருந்தால் தானும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் அத்தை வாயால், அத்தனை சத்தமாகவா? ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வாங்கிய இடத்தை ஒரே வார்த்தையில் பறித்தமாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

கந்தப்பனுக்கும் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க்கா, மொத்த ஊரும் ஒன்னா இருந்துச்சு. இப்ப ஒரே ஒரு ஆளு தனியாப் போகுதுங்களே."

"போகட்டுமுங்க. கவர்மெண்டே எழுதிட்டுது. அப்பறம் கம்பத்துக் கட்டுப்பாடு அவளுக்கு எப்படிங்க சேரும்? பஸ் ஏறி அப்பன் பூசைக்குப் போயிட்டு வரட்டும்."

கந்தப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் செல்போனைப் பார்த்தார். இனி யாரிடம் போய் வழக்காடுவது?

"நல்லா மடக்கிப்போட்டீங்க்கா" என்று சிரித்துவிட்டு, மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

சின்னாத்தாள் கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பையை எடுத்தாள். ஜெனிஷாவின் துணிகள், மடித்து வைத்தபடி. மேலே அந்த ஜெபமாலை.

"டீச்சர் கூட கந்தப்பன்தான் வாராருன்னு நேத்தே தெரியும் கண்ணு. அவரு முன்னாலயே எழுத வெச்சுட்டா மறுக்க முடியாதல்ல. அதான் காலைலயே எடுத்து வெச்சுட்டேன்."

ஜெனிஷா பையை வாங்கிக்கொண்டாள். ஆனாலும் கால் நகரவில்லை.

"அப்ப நான் இனிமே கம்பத்துக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுங்களா அத்தை?"

சின்னாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆரு சொன்னா? நாளைக்கு உன்ற கொடத்தையும் நானே ஊத்திப்போடறேன். நாளைக்குப் பொழுதோட வந்து சேரு. தெனமும் ரெண்டு கொடம் சொமக்க எனக்கு இடுப்புல தெம்பில்ல."