ஏழாவது ஜோடி

அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்கான அறை. வெண்மதி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பக்கத்தில் அவள் புருஷன் முனிராஜ், மூன்று மாதம் வெளிமாநிலத்தில் போர்வெல் வண்டியோடு சுற்றிவிட்டுக் கடந்த மாதம் திரும்பியவன், சுண்டுவிரல் நகத்தால் பல்லிடுக்கைக் குடைகிறான். "எனக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். சீக்கு இவளுக்குத்தான்," என்கிறான். ஆலோசகர் பிளசி மாத்திரை அட்டைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து வைக்கிறாள். "வெளியில தெரியாமலே உள்ள இருக்கும்ங்க. ரெண்டு பேரும் சாப்பிடணும். காலையிலருந்து நீங்க ஏழாவது ஜோடி. எல்லா ஆம்பளைங்களும் இதையேதான் சொல்றாங்க." முனிராஜின் முகம் மலர்கிறது. "பாத்தியா, ஊர்ல எல்லாருக்கும் இருக்குதாம்! நீ என்னமோ நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த." சொல்லிக்கொண்டே அவள் தொடையில் தட்டுகிறான். எச்சில் விரலின் ஈரம் சேலையில் ஒட்டுகிறது. வெண்மதி அந்த இடத்தை முந்தானையால் துடைக்கிறாள். அவன் மாத்திரையைப் போட்டு, பாட்டிலில் வாய்வைத்துக் குடித்துவிட்டு, மிச்சத்தை அவளிடம் நீட்டுகிறான். ஜன்னல் வெயில் பட்ட தண்ணீருக்குள் சோற்றுத் துணுக்கு ஒன்று சுழன்று சுழன்று இறங்குகிறது. அவள் பாட்டிலைத் தொடவில்லை. பிளசியைப் பார்க்கிறாள்.

"எனக்கு வேற தண்ணி குடுங்க மேடம்."