மூன்றாவது காரில் இருப்பவள்

மைக்கின் முன் நின்று அவள் அலறினாள்.

திரையில் ஒரு நீலநிறக் கார் தடுப்புச் சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. மோதலில் சிக்கும் மூன்றாவது கார். உள்ளே ஒரு பெண். முகம் அரை நொடிதான் தெரியும்.

அந்த அரை நொடிக்கு இவள் குரல்.

வெளிநாட்டுக் கார்ப் பந்தயப் படம். தமிழில் டப்பிங். நாயகனின் சிவப்புக் கார் பறக்கிறது. எதிரில் வந்து நசுங்குகிறவர்களுக்கெல்லாம் சாலிகிராமத்தில் இந்தக் குளிர்ந்த அறைக்குள் நான்கு பேர் அலறுகிறார்கள். பதினாறு வருடமாக அவள் அந்த நால்வரில் ஒருத்தி.

இந்தப் படங்கள் அவளுக்குப் பிடிக்கும். பேருந்துக் கம்பியில் தொங்கியே வயது போனவளுக்கு, ஒரு சாலை முழுக்க ஒருவனுக்காக விலகி வழிவிடுவதைப் பார்ப்பதில் தனிச் சுகம்.

மகன் நிர்மலுக்கும் அப்படித்தான். சின்ன வயதில் அவனைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவாள். இதோ இப்போது என் குரல் வரும் என்று காதோரம் சொல்வாள். இருவரும் மூச்சடக்கிக் காத்திருப்பார்கள்.

என்ஜின் உறுமும். இசை எழும்.

அவள் குரல் ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஞாயிறு விடிந்த நேரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், நண்பன் காரை வாங்கி நிர்மல் பந்தயம் ஓட்டினான். ஸ்கூட்டரில் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணை இடித்தான்.

நிற்கவில்லை.

"சத்தமே கேக்கலம்மா," என்றான், வீட்டுக்கு வந்து.

அவள் நம்பினாள். யார் ஓட்டியது என்று போலீஸ் தேடுகிறது. இன்று நான்கு மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஞாயிறு காலை மகன் தங்கள் வீட்டில், தன் கண்ணெதிரே தூங்கிக்கொண்டிருந்தான் என்று.

இன்னொரு டேக்.

நீலக் கார் கவிழ்ந்தது. அவள் அலறினாள். சிவப்புக் கார் போய்விட்டது. காட்சியும் மாறிவிட்டது.

அவள் நிறுத்தவில்லை.

அலறல் முனகலாயிற்று. முனகல் மூச்சாகி, விட்டுவிட்டு இழுத்தது. நடுவில் யாரையோ கூப்பிட்டாள்.

மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் டப்பிங் பொறுப்பாளர் கஜபதி சிரித்தார். "அக்கா, கவுந்ததும் நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் அந்தம்மா படத்துலயே கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த டேக்கில் சரியாக நிறுத்தினாள்.

மூன்றே காலுக்கு வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள். வழியில் நிர்மல் மூன்று முறை கூப்பிட்டான். வக்கீல் வந்துவிட்டார், நீ எங்கே என்று செய்தியும் அனுப்பினான்.

அரசு மருத்துவமனை. இரண்டாவது மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு.

நாலைந்து நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம்விட்டார். அவள் உட்கார்ந்தாள். கதவையே பார்த்தாள்.



"உள்ள உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார்.

செய்தித்தாளில் பார்த்த பெயரைச் சொன்னாள்.

அது அவர் மனைவியின் பெயர்.

எந்த வழியில் சொந்தம் என்று பிடிபடாமல், அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.