மஞ்சள் புள்ளி

எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது.

ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை. நிற்கிற வண்டி ஓடுகிற சத்தம் போட்டது.

அவன் பானெட்டுக்குள் தலையை நுழைத்துப் பல்லைக் கடித்தான். ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை. போன வாரம்தான் மிதிக்காமலே எஞ்சின் ஓடுகிற ஐட்லிங் வேகத்தை இறக்கி, தையல் மிஷின் மாதிரி சீராக ஓடவிட்டு அனுப்பினான்.

வண்டிக்காரர் நாச்சிமுத்து பக்கத்தில் நின்றிருந்தார். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்று பதினைந்து வருடம். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், சாயங்காலம் மூன்றரைக்குப் போய் அழைத்து வருவார். அந்த வண்டிக்கும் அவருக்கும் அதைத் தவிர வேறு வேலை இல்லை.

நேற்று அவர் மகள் கோகிலா போனில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னத்தத்தான் பாக்கறீங்க? சத்தம் தெருவுக்கே கேக்குது. பெட்ரோல் குடிச்சுத் தீக்குது."

பதினெட்டு வருடத் தொழில். அவமானமாக இருந்தது.

சோக்கு முழுக்க உள்ளேதான் இருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் எங்கும் பிடிக்கவில்லை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டான், சட்டென்று திரும்பியது. எங்காவது காற்று இழுக்கிறதா என்று கார்புரேட்டருக்கு அடியில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தான்.

சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

கார்புரேட்டருக்குப் பேயா பிடிக்கும்?

அப்போதுதான் புள்ளி ஞாபகம் வந்தது. போன வாரம் ஐட்லிங் திருகை இறக்கிய கையோடு, திருகின் தலையையும் அதை ஒட்டிய கார்புரேட்டர் ஓரத்தையும் சேர்த்து ஒரு சொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்திருந்தான். திருகு நகர்ந்தால் புள்ளி இரண்டாகப் பிரிந்துவிடும்.

டார்ச் அடித்தான்.

பாதி மஞ்சள் ஒரு பக்கம் இருந்தது. மீதிப் பாதி எதிர்ப்பக்கம் இருந்தது. நடுவில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய புதுக் கீறல்.

வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. யாரோ முறுக்கி வைத்திருக்கிறார்கள்.

"யாருங் சார் இதுல கை வெச்சது?"

பெரியவர் காதில் விழாததுபோல வாட்சைப் பார்த்தார். பாப்பா வெளியே வருகிற நேரம், சீக்கிரம் கொடு என்றார்.

வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. திருகைத் திருப்பினான். சத்தம் இறங்கியது. ஷெட்டில் இருந்த காக்கை கத்துவதுகூடக் கேட்டது.

ஓட்டிப் பாருங்கள் என்று கையைக் காட்டினான்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை விட்டார். எஞ்சின் அணைந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். இந்தத் தடவை காது கிழிகிற மாதிரி அலறியது. பிறகு அணைந்தது.

மூன்றாம் தடவை வண்டி துள்ளிப் பாய்ந்து, டயர் அடுக்கில் முட்டி நின்றது.

திட்டுவதற்காகத்தான் ஓடினான். கதவைத் திறந்தான்.

அவருடைய வலது காலில் செருப்பு இல்லை.

அது ஷெட் வாசலில் கிடந்தது. பங்குனி வெயிலில் காய்ந்த சிமெண்டில் இவ்வளவு நேரமும் ஒரு கால் வெறும் காலாக நின்றிருக்கிறார். குதிக்கவில்லை. நகரக்கூட இல்லை.

இப்போதும் அந்தக் கால் ஆக்சிலேட்டரின் ஓரத்தில் கோணலாகச் சாய்ந்து கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அவன் அம்மாவுக்கும் சுகர்தான். அவளுக்கும் முதலில் செருப்புத்தான் தெரியாமலே கழன்று விழுந்தது. விரலை எடுத்தது அடுத்த வருடம்.

வந்த கோபம் வந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஐட்லிங்கை ஏற்றி வைத்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கவே வேண்டாம். ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டி தானாக நகரும். பள்ளிக்கூடம் வரை போய்விடலாம். பெரியவர் நன்றாகத்தான் யோசித்து முறுக்கியிருக்கிறார்.

ஆனால் பிரேக்குக்கும் அதே கால்தான்.



"பிரேக்குக்கு என்ன பண்றீங்க சார்?"

அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கோகிலாகிட்டச் சொல்லிறாத கண்ணு. காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு அவ திருப்பூர் போயாகோணும். என்னைய விட்டா அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போக ஆளில்ல."

கேட்டதற்கு இது பதில் இல்லை.

அவன் சாவியை உருவினான். இடது பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னான். அவர் மறுப்பார் என்று நினைத்தான். மறுக்கவில்லை. காலைக் கையால் தூக்கி நகர்த்திக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மொய்த்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அவன் வண்டியை இஞ்ச் இஞ்சாக நகர்த்தி நிறுத்தினான். ரெண்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி ஓவியா பையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஓட்டுகிற இடத்தில் வேறு ஆள். ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு தாத்தாவின் மடியைத் தாண்டி, நீள சீட்டின் நடுவில் இடம் பிடித்தாள். தினமும் உட்கார்கிற இடம்போல இருந்தது.

பையைக் கீழே வைக்கவில்லை.  முதல் வேலையாகக் குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, அவன் காலைப் பார்த்தாள்.

"காலு பிரேக்கு மேலதான் இருக்குது மாமா. எடுத்தீங்கன்னா நானே சொல்றேன்."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் நிமிரவில்லை. வீடு வரும்வரை ஒரு தடவைகூட ரோட்டைப் பார்க்கவில்லை.